128 கிலோபைட் அல்ல, 128 பைட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி விளையாட்டுகளை உருவாக்கக் கற்க விரும்பும் மாணவர்களுக்காகத் தங்கள் நாளிதழின் இணைப்பிதழில் அண்மையில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இன்று புழக்கத்தில் உள்ள கேம் எஞ்சின்கள், அதாவது விளையாட்டுகளை உருவாக்க உதவும் ஆயத்த மென்பொருள்கள் பற்றி அதில் சொல்லப்பட்டவை தெளிவாகவும் பயனுள்ளவையாகவும் இருந்தன. ஆனால் பழைய கருவிகளைப் பற்றிய ஒரு பத்தியில், 1977-இல் வெளிவந்த, தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் அட்டாரி 2600 விளையாட்டுக் கருவிக்கு 128 கிலோபைட் நினைவகம் இருந்ததாகவும், நினைவகம் அவ்வளவு சிறியதாக இருந்ததால்தான் அதன் படங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன என்றும், அத்தகைய கருவிக்கு நிரல் எழுதக் கற்பது இன்றைய மாணவருக்கு வீண் வேலை என்றும் குறிப்பிடப்பட்டிருந்தது. கடந்த ஓராண்டாக அந்தக் கருவிக்குத்தான் நான் நிரல் எழுதக் கற்று வருகிறேன். ஆகவே அந்தப் பத்தியைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

எண்ணிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் கருவியில் இருந்தது 128 பைட். அதற்கும் 128 கிலோபைட்டுக்கும் 1,024 மடங்கு வேறுபாடு உண்டு. அச்சில் இது ஒரு சொல்லின் பிழைதான் என்றாலும், அந்த ஒரு சொல் கருவியின் இயல்பையே மாற்றிக் காட்டிவிடுகிறது. அட்டாரி 2600-இன் திரை 160 புள்ளி அகலமும், வழக்கமாக 192 கோடு உயரமும் கொண்டது. மொத்தம் 30,720 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் எரிகிறதா அணைகிறதா என்று சொல்ல ஒரே ஒரு பிட் ஒதுக்கினாலும், 8 பிட் ஒரு பைட் என்பதால், முழுப் படத்துக்கு 3,840 பைட் வேண்டும். 128 கிலோபைட் இருந்திருந்தால் அப்படிப்பட்ட 34 படங்களை ஒருசேர வைத்துக்கொண்டிருக்கலாம். உள்ள 128 பைட்டிலோ, அதே படத்தின் 6 கோடுகளை வைப்பதற்குள் 120 பைட் தீர்ந்துவிடும். அந்த 128 பைட்டும் படத்துக்கென்று ஒதுக்கப்பட்டவை அல்ல. மதிப்பெண், ஆட்டக்காரர் நிற்கும் இடம், எஞ்சியுள்ள உயிர்கள், துணை நிரலுக்குப் போய்த் திரும்பி வருவதற்கான முகவரிகள் என ஆட்டத்தின் எல்லா நினைவும் அதற்குள்தான் அடங்க வேண்டும். நிரலும் வடிவங்களும் மட்டும், கருவியில் செருகும் ஆட்டப் பெட்டியான கார்ட்ரிட்ஜில் தனியே இருந்தன. சிறப்பு ஏற்பாடு எதுவும் செய்யாவிட்டால் அதற்கும் 4 கிலோபைட்தான் எல்லை.

படத்தை வைத்துக்கொள்ள இடமே இல்லாத கருவி எப்படிப் படம் காட்டியது என்ற கேள்விதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது. அதற்கான விடையைத் தெரிந்துகொண்டவர்கள், அதன் படங்கள் ஏன் அப்படி இருந்தன என்பதற்கு நினைவகக் குறைவை மட்டும் காரணமாகச் சொல்லிவிட மாட்டார்கள் என்று நம்புகிறேன். நினைவகம் இல்லாத குறையை அந்தக் கருவி வேறொன்றைக் கொண்டு ஈடுகட்டியது. அது நேரம். அந்த நேரமும் மிகச் சிறிய அளவில்தான் கிடைத்தது என்பதுதான் நிரல் எழுதுபவரின் உண்மையான சிக்கல்.

அக்காலத்துக் குழாய்த் தொலைக்காட்சியில், எலக்ட்ரான் கற்றை திரையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக ஒரு கோட்டை வரைந்து, சட்டென இடப்பக்கம் திரும்பி, அடுத்த கோட்டை வரையும். இப்படி மேலிருந்து கீழ் வரை வந்து, மீண்டும் மேலே போய்த் தொடங்கும். அமெரிக்காவில் வழங்கிய என்டிஎஸ்சி முறைக்கான அட்டாரி 2600, ஒரு படத்துக்கு 262 கோடுகள் வீதம் நொடிக்கு ஏறத்தாழ 60 படங்களை அனுப்பும். கருவியின் உள்ளே, படத்தைத் திரைக்கு அனுப்பும் டிஐஏ என்ற சில்லு இருக்கிறது. ஜே மைனரின் வடிவமைப்பில் உருவான இந்தச் சில்லுக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கோடு மட்டுமே. பின்னணி நிறம் என்ன, சுவர், கரை போன்றவற்றை வரையும் 20 பிட் கொண்ட பிளேஃபீல்டு எப்படி இருக்கிறது, நகரும் உருவங்களை வரையும், 8 பிட் அகலமுள்ள இரண்டு ஸ்பிரைட்டுகளில் என்ன வடிவம் இருக்கிறது, இரண்டு ஏவுகணைகளும் ஒரு பந்தும் எரிகின்றனவா என்பவற்றை அது ரெஜிஸ்டர்கள் எனப்படும் சில சிறு சேமிப்பிடங்களில் வைத்திருக்கும். கற்றை நகர நகர, அந்த ரெஜிஸ்டர்களில் அந்தக் கணத்தில் என்ன இருக்கிறதோ அதுவே திரையில் விழும். அடுத்த கோட்டில் வேறொன்று தெரிய வேண்டுமென்றால், கற்றை அங்கே போய்ச் சேர்வதற்குள் செயலி அந்த ரெஜிஸ்டர்களை மாற்றி வைத்துவிட வேண்டும். முழுப் படம் என்ற ஒன்று கருவியின் உள்ளே எங்கும், எந்தக் கணத்திலும் இருப்பதில்லை.

ஒரு கோட்டுக்கான காலம் 228 வண்ணத் துடிப்புகள்; ஒரு துடிப்பு என்பது கற்றை ஒரு புள்ளியைக் கடக்கும் நேரம். அவற்றில் 68 துடிப்புகள் கற்றை இடப்பக்கம் திரும்புவதற்குப் போய்விடும். மீதமுள்ள 160-தான் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகள். கருவியின் செயலியான 6507, அந்தத் துடிப்பில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில், அதாவது ஏறத்தாழ 1.19 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. எனவே ஒரு கோட்டுக்குச் செயலிக்குக் கிடைப்பது 76 சுழற்சிகள், அதாவது செயலியின் 76 துடிப்புகள். செயலி ஒரு சுழற்சி ஓடுவதற்குள் கற்றை 3 புள்ளிகளைக் கடந்துவிடுகிறது. ஒரு எண்ணை எடுத்து ஒரு ரெஜிஸ்டரில் போடுவதற்கு மிக எளிய வழியில்கூட 5 சுழற்சிகள் ஆகும். அதற்குள் திரையில் 15 புள்ளிகள் வரையப்பட்டுவிடும். இந்த மூன்று எண்களும் மனத்தில் பதியும் வரை அட்டாரியில் எதையும் செய்ய முடியாது. பதிந்த பிறகு வேறு எதையும் பெரிதாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

எனக்கு அவை பதிந்தது ஒரு தவறினால். தொடக்கப் பயிற்சியாக, ஒவ்வொரு கோட்டிலும் பின்னணி நிறத்தின் எண்ணை ஒன்று கூட்டும் சிறு நிரலை எழுதினேன். திரை முழுவதும் கிடைமட்டமான வண்ணப் பட்டைகள் வந்தன. ஒவ்வொரு பட்டையும் இரண்டு கோடு தடிமனாக இருந்தது ஏன் என்று தேடியபோது, நிற எண்ணின் கடைசி பிட்டை டிஐஏ கவனிப்பதே இல்லை, அதனால்தான் 256 எண்களிலிருந்து 128 நிறங்கள் மட்டும் கிடைக்கின்றன என்று அறிந்தேன். மறுநாள் நிரலைத் திருத்தும்போது, "இந்தக் கோடு முடியும் வரை காத்திரு" என்று செயலியை நிறுத்தி வைக்கும் டபிள்யூ-சிங்க் கட்டளையைத் தெரியாமல் நீக்கிவிட்டேன். கிடைமட்டப் பட்டைகள் மறைந்து, 60 புள்ளி அகலமுள்ள வண்ணத் துண்டுகள் சாய்வாக அடுக்கப்பட்டதுபோல் ஒரு காட்சி திரையின் மேற்பகுதியில் தோன்றியது. 192 கோடுகளுக்கு நீள வேண்டிய வேலை 25 கோடுகளிலேயே முடிந்திருந்தது. காகிதத்தை எடுத்து எண்ணிப் பார்த்தேன். நிரல் திரும்பத் திரும்ப ஓடும் பகுதியின் ஒரு சுற்றுக்கு 10 சுழற்சி, அதாவது 30 புள்ளி. இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் நிறம் மாறும், ஆகவே 60 புள்ளி. 192 சுற்றுக்கு 1,920 சுழற்சி. அதை 76-ஆல் வகுத்தால் 25 கோடும் சிறிது மிச்சமும். திரையில் நான் கண்ட அகலம் ஒவ்வொன்றும் என் நிரல் எடுத்துக்கொண்ட நேரம். பல ஆண்டுகளாக நிரல் எழுதி வரும் எனக்கு, நிரல் ஓடும் காலத்தை அளவுகோலால் அளந்து பார்க்கும்படி கண்முன் விரித்துக் காட்டிய முதல் கருவி இதுதான்.

ஒரு வடிவத்தைத் திரையில் ஓரிடத்தில் நிறுத்துவது இன்றைய எஞ்சின்களில் இரண்டு எண்களைக் கொடுப்பதோடு முடிந்துவிடும். அட்டாரியில் அப்படிக் கொடுக்க எண்ணே கிடையாது. மேலிருந்து எத்தனையாவது கோடு என்பதை டிஐஏ அறியாது. ஆகவே ஒவ்வொரு கோட்டிலும், "இந்தக் கோட்டில் என் வடிவம் உண்டா, உண்டென்றால் அதன் எத்தனையாவது வரிசை" என்று நிரலே கணக்கிட்டு ரெஜிஸ்டரில் போட வேண்டும். வடிவம் முடிந்த பிறகு அந்த ரெஜிஸ்டரைச் சுழியாக்க மறந்தால், வடிவத்தின் கடைசி வரிசை அப்படியே திரையின் அடி வரை தூண்போல நீண்டுவிடும். முதல் முறை நான் வரைந்த சிறு மனித உருவம் அப்படித்தான் கால்கள் தரையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்க நின்றது. ரெஜிஸ்டரில் போட்டது, அடுத்து ஒன்றைப் போடும் வரை அங்கேயே இருக்கும் என்ற எளிய உண்மையை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லியதில்லை.

இடம் வலம் நிறுத்துவது இதைவிட வியப்பூட்டும். ஸ்பிரைட்டை நிறுத்த ஒரு ரெஜிஸ்டர் இருக்கிறது. ஆனால் அதில் எந்த எண்ணைப் போடுகிறோம் என்பது பொருட்டே இல்லை. எப்போது போடுகிறோம் என்பதுதான் கணக்கு. அதைத் தொடும் கணத்தில் கற்றை எங்கே இருக்கிறதோ, ஏறத்தாழ அங்கே ஸ்பிரைட் நிலைகொள்ளும். ஆகவே 90-ஆவது புள்ளியில் ஓர் உருவம் வேண்டுமென்றால், கற்றை அந்த இடத்துக்கு வரும் வரை செயலி பொழுதுபோக்கிக்கொண்டிருந்துவிட்டுச் சரியான நேரத்தில் தொட வேண்டும். இதற்காக முன்னோடிகள் கண்டுபிடித்த வழி அழகானது. வேண்டிய இடத்தின் எண்ணிலிருந்து 15-ஐத் திரும்பத் திரும்பக் கழிக்கும் ஒரு சுற்றை எழுதுகிறார்கள். கழிப்பதற்கு 2 சுழற்சி, சுற்றின் தொடக்கத்துக்குத் தாவ 3 சுழற்சி, ஆக 5 சுழற்சி, அதாவது சரியாக 15 புள்ளி. எண்ணில் எத்தனை பதினைந்து உண்டோ அத்தனை பதினைந்து புள்ளிகள் கற்றையும் நகர்ந்திருக்கும். வகுத்தல் என்ற கணக்கும், காத்திருத்தல் என்ற செயலும் ஒரே சுற்றில் நடந்து முடிகின்றன. வகுத்த பின் எஞ்சும் மீதியை, −8 முதல் +7 வரை நுணுக்கமாக நகர்த்தும் இன்னொரு ரெஜிஸ்டரில் போட்டு, அடுத்த கோட்டின் தொடக்கத்தில் எச்-மூவ் என்ற கட்டளையைக் கொடுத்தால் உருவம் துல்லியமாக உரிய புள்ளியில் வந்து நிற்கும். அந்தக் கட்டளைக்கு ஒரு விலை உண்டு: அது கொடுக்கப்படும் கோட்டின் இடது ஓரத்தில் 8 புள்ளிகள் கருமையாகிவிடும். பழைய ஆட்டங்களின் படங்களில் இடது விளிம்பில் சீப்பின் பற்கள்போல் சிறு கருங்கோடுகளைக் கண்டிருப்பவர்களுக்கு அவை எங்கிருந்து வந்தன என்பது இப்போது விளங்கும்.

கட்டுரையாளர் சொன்ன "கட்டம் கட்டமான" படங்களுக்கு வருகிறேன். அந்தக் கட்டங்கள் பெரும்பாலும் பிளேஃபீல்டைச் சேர்ந்தவை. பிளேஃபீல்டுக்கு 20 பிட்தான். ஒவ்வொரு பிட்டும் திரையில் 4 புள்ளி அகலம். அதனால் 20 பிட்டும் பாதித் திரைக்குத்தான் வரும். மறுபாதியில் அதே வடிவம் மீண்டும் வரும், அல்லது கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி வரும். கேரல் ஷா எழுதி 1982-இல் வெளிவந்த ரிவர் ரெய்டு ஆட்டத்தில் ஆற்றின் இரு கரைகளும் ஒன்றுக்கொன்று பிம்பமாக வளைந்து செல்வதைப் பார்த்தவர்கள், அதை ஓர் ஓவியரின் விருப்பம் என்று நினைத்திருக்கக்கூடும். வன்பொருளின் அந்தக் கட்டுப்பாட்டையே ஆறாக மாற்றிக்கொண்டது அவருடைய நுட்பம். அதைக் குறை என்று சொல்ல எனக்கு நா எழாது.

இடமும் வலமும் வேறுவேறாக இருக்க வேண்டுமென்றால், பிளேஃபீல்டின் 20 பிட்டும் அடங்கிய மூன்று ரெஜிஸ்டர்களில் ஒவ்வொன்றின் இடப்பாதிப் பகுதியைக் கற்றை கடந்த பின், அதன் வலப்பாதிப் பகுதியை அடைவதற்கு முன், அதில் புதிய மதிப்பைப் போட வேண்டும். கோட்டுக்கு ஆறு முறை எழுத வேண்டும். இங்கேதான் 76 என்ற எண் தன் கடுமையைக் காட்டுகிறது. வாசகர்களும் என்னோடு சேர்ந்து எண்ணிப் பார்க்கலாம். கார்ட்ரிட்ஜில் உள்ள அட்டவணையிலிருந்து ஒரு பைட்டை எடுக்க 4 சுழற்சி, அதை ரெஜிஸ்டரில் போட 3 சுழற்சி, ஆக 7. பிளேஃபீல்டுக்கு ஆறு முறை என்றால் 42. இரண்டு ஸ்பிரைட்டுகளுக்கும் ஒவ்வொரு கோட்டிலும் வடிவமும் நிறமும் மாற வேண்டுமென்றால் நான்கு முறை, அதாவது 28. கோடு முடியக் காத்திருக்கும் கட்டளைக்கு 3, கோட்டின் எண்ணைக் குறைக்க 2, திரும்பத் தாவ 3. எல்லாம் சேர்த்து 78. இருப்பது 76. இரண்டே இரண்டு சுழற்சிகள் மிகுதி. ஆனால் அந்த இரண்டும் மிகுந்தால் டபிள்யூ-சிங்க் அடுத்த கோட்டின் முடிவு வரை காத்திருக்கச் செய்துவிடும். படத்தின் உயரம் இரட்டிப்பாகி, 262 என்ற எண்ணிக்கை குலைந்து, தொலைக்காட்சியில் படம் உருளத் தொடங்கிவிடும்.

இந்த இரண்டு சுழற்சிகளுக்காக நான் மூன்று வாரங்கள் உழைத்தேன் என்பதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான். ஸ்பிரைட்டின் நிறத்தை ஒரு கோடு விட்டு ஒரு கோடு மாற்றினால் போதும் என்று முடிவு செய்து, இரண்டு கோடுகளை ஒரே சுற்றாக எழுதினேன்; முதல் கோட்டில் ஒரு ஸ்பிரைட்டின் நிறம், இரண்டாம் கோட்டில் மற்றதன் நிறம். ஒரு கோட்டுக்கு 7 சுழற்சிகள் மிச்சமாயின. அதற்கு ஈடாக நான் இழந்தது நிற மாற்றத்தின் நுணுக்கத்தில் பாதி. எந்த உருவத்தில் எதை விட்டுக்கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாது என்று முடிவெடுப்பது ஓவியம் சார்ந்த வேலையா, நிரல் சார்ந்த வேலையா என்று கேட்டால் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கட்டுரையாளர் அவற்றை இரண்டு தனித் துறைகளாக வைத்து மாணவர்களுக்கு வழி காட்டியிருந்தார். இந்தக் கருவியில் அந்த எல்லைக்கோடு எங்கும் இல்லை.

அதன் பின் நேர்ந்த ஒரு கோளாறையும் குறிப்பிட விரும்புகிறேன். மதிப்பெண்ணைக் கணக்கிடும் பகுதியில், படத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓரிடத்தில், சில கட்டளைகளைச் சேர்த்தேன். உடனே திரையின் மேற்பாதியில் மட்டும் வலப்பக்கச் சுவரின் விளிம்பு சிதைந்தது. கீழ்ப்பாதி எப்போதும்போல் நேராக இருந்தது. நான்கு இரவுகள் தேடிய பிறகே காரணம் பிடிபட்டது. நான் சேர்த்த கட்டளைகள் வடிவங்களின் அட்டவணையைக் கார்ட்ரிட்ஜில் சற்றுத் தள்ளி வைத்துவிட்டன. அதனால் அந்த அட்டவணையின் ஒரு பகுதி 256 பைட் கொண்ட ஒரு பக்கத்தைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குள் சென்றுவிட்டது. இந்தச் செயலி, அட்டவணையின் தொடக்க முகவரியோடு வரிசை எண்ணைக் கூட்டும்போது பக்கம் மாறினால், ஒரு சுழற்சி கூடுதலாக எடுத்துக்கொள்ளும். நான் மேலிருந்து கீழாக எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு வந்ததால், பெரிய எண்கள் கொண்ட மேற்பாதிக் கோடுகள் மட்டும் பக்கத்தைத் தாண்டின. ஒரு சுழற்சித் தாமதம், மூன்று புள்ளிப் பிழை. அட்டவணையை ஒரே பக்கத்துக்குள் அடங்கும்படி நகர்த்தியதும் சுவர் நேரானது. நினைவகத்தில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பது, அதை எடுக்க ஆகும் நேரத்தை மாற்றும் என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன். இன்றைய செயலிகளில் அது பலமடங்கு பெரிய உண்மை. ஆனால் அங்கே அது ஏதோ ஓர் அளவீட்டு அறிக்கையில் ஒளிந்திருக்கும். இங்கே அது ஒரு சுவரின் விளிம்பில் தெரிந்தது.

இக்கருவியை உருவாக்கியவர்கள் இவ்வளவையும் எதிர்பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு ஸ்பிரைட், இரண்டு ஏவுகணை, ஒரு பந்து என்ற அமைப்பைப் பார்த்தாலே அவர்கள் மனத்தில் இருந்தவை தெரியும்: ஒன்றையொன்று சுடும் இரண்டு பீரங்கி வண்டிகள், அல்லது இரண்டு மட்டைகளும் ஒரு பந்தும். ஆனால் 1980-இல் இக்கருவிக்கு வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தில் வரிசைக்கு 6 வீதம் 6 வரிசைகளில் 36 உருவங்கள் நின்றன. டிஐஏ ஒரு ஸ்பிரைட்டை ஒரே கோட்டில் மூன்று முறை வரைந்து தரும். இரண்டு ஸ்பிரைட்டுகளுக்கு ஆறு. ஒரு வரிசை முடிந்ததும் அதே இரண்டையும் அடுத்த வரிசைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். கற்றை ஒருமுறை கடந்து போன இடத்துக்கு அந்தப் படம் முடியும் வரை திரும்பி வராது என்பதால், மேலே இருந்த ஸ்பிரைட் கீழே வேறொன்றாக மாறுவதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆறு இலக்க மதிப்பெண்ணைக் காட்டுவதும் இதே வழியில்தான்: இரண்டு ஸ்பிரைட்டுகளின் மும்மூன்று பிரதிகளையும் விரல் கோத்ததுபோல் அடுத்தடுத்து நிறுத்தி, கற்றை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு பிரதிக்கும் முன்னால் வடிவத்தை மாற்றி, 48 புள்ளி அகலத்துக்கு எண்களை எழுதிவிடுகிறார்கள்.

இவ்வளவும் படத்தை வரைவதற்கு மட்டும். 192 கோடுகளில் செயலிக்கு மூச்சு விடக்கூட நேரம் இருக்காது என்பதால், ஆட்டத்தின் விதிகள், ஜாய்ஸ்டிக்கைப் படித்தல், எதிரிகளை நகர்த்துதல் எல்லாம் கற்றை திரைக்கு வெளியே இருக்கும் வேளையில்தான் நடக்க வேண்டும்: மேலே 37 கோடுகள், கீழே 30 கோடுகள், படம் தொடங்குவதை அறிவிக்கும் 3 கோடுகள். ஒரு படத்துக்கான 19,912 சுழற்சிகளில் 14,592 வரைவதற்கே போய்விடுகின்றன. மோதல்களைக் கண்டறியும் பொறுப்பை மட்டும் டிஐஏ தானே ஏற்றுக்கொள்கிறது. இரண்டு ஸ்பிரைட், இரண்டு ஏவுகணை, பந்து, பிளேஃபீல்டு ஆகிய ஆறில் எந்த இரண்டு ஒரே புள்ளியில் சந்தித்தாலும், அதற்கான 15 இணைகளுக்குரிய பிட்டுகளில் ஒன்று எரிந்து, நாம் அணைக்கும் வரை அப்படியே நிற்கும். எதுவுமே இலவசமாகக் கிடைக்காத கருவியில் இது ஒரு பெரிய கொடை.

பொருளும் பயனும் என்ன என்று கேட்பவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். கேம் எஞ்சின்களைக் கற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவர் அவற்றைக் கற்றாக வேண்டும். நான் கேட்பது, அதற்கு முன்னரோ பின்னரோ, ஒரு மாணவர் படத்துக்கென நினைவகமே இல்லாத ஒரு கருவியோடு சில வாரங்கள் பழக வேண்டும் என்பதுதான். இன்றைய முறையில் நாம் நினைவகத்தில் ஒரு படத்தைத் தயாரித்து வைக்கிறோம். அதைத் திரைக்கு அனுப்பும் வேலையை வேறொரு சில்லு பார்த்துக்கொள்கிறது. அந்த ஏற்பாடு மிக வசதியானது. ஆனால் அதற்குப் பழகியவருக்குப் படம் என்பது ஓரிடத்தில் இருக்கும் பொருள் என்ற எண்ணம் ஊறிவிடுகிறது. நொடிக்கு 60 படங்கள் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி என்ற கணக்கு இன்றும் மாறவில்லை. அதைத் தாண்டினால் ஆட்டம் தடுக்கி விழுவதும் மாறவில்லை. எந்தச் செயலுக்கு எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே எண்ணி, மொத்தம் அடங்குமா என்று கூட்டிப் பார்த்துவிட்டு எழுதும் பழக்கத்தை எனக்குக் கொடுத்தது அட்டாரிதான். அலுவலகத்தில் நான் எழுதும் நிரல்கள், அவற்றுக்கும் விளையாட்டுக்கும் தொடர்பே இல்லாதபோதும், இந்த ஓராண்டில் மாறியிருப்பதை உணர்கிறேன்.

இதைக் கற்கப் பழைய கருவி கையில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அந்தக் கருவி உருவானபோது அதற்கு வழங்கிய ஸ்டெல்லா என்ற உட்பெயரையே தாங்கிய எமுலேட்டர், அதாவது அந்தக் கருவியைப்போலவே கணினியில் இயங்கும் மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. அதில் நிரலை ஒவ்வொரு கட்டளையாக நிறுத்தி, கற்றை அந்தக் கணத்தில் எந்தக் கோட்டில், எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று பார்க்க முடியும். 1970-களில் எழுதியவர்களுக்கு இந்த வாய்ப்பு இருக்கவில்லை. அவர்கள் காகிதத்தில் சுழற்சிகளை எண்ணினார்கள். செயலிக்கு நேரடியாகக் கட்டளையிடும் அசெம்பிளி மொழி கடினம் என்று அஞ்சுவோருக்கும் ஒன்று சொல்வேன்: இந்தச் செயலியில் கணக்குச் செய்ய ஒரு ரெஜிஸ்டரும் எண்ணிக்கைக்கு இரண்டு ரெஜிஸ்டரும்தான் உள்ளன, கட்டளைகளின் வகைகள் 56 மட்டுமே, அவற்றில் இருபதை அறிந்தாலே திரையில் ஓர் உருவத்தை நகர்த்திவிடலாம். ஒரு பெரிய எஞ்சினின் பட்டியல்களில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு ஆகும் காலத்தைவிட இதற்கு அதிகம் ஆகாது.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள், அடுத்த இணைப்பிதழில் 128 கிலோபைட் என்பதை 128 பைட் என்று திருத்தி வெளியிட வேண்டும் என்பதே. இடம் இருக்குமானால், ஒரு கோட்டுக்கு 76 சுழற்சி, ஒரு சுழற்சிக்கு 3 புள்ளி என்ற இரண்டு எண்களையும் அதன் அருகிலேயே அச்சிடுங்கள். கட்டுரையைப் படித்துவிட்டு அட்டாரி வேண்டாம் என்று ஒதுக்கிய மாணவர் யாரேனும், அந்த எண்களை வைத்துக்கொண்டு ஒரு காகிதத்தில், ஒரே கோட்டில் தன்னால் எத்தனை முறை நிறத்தை மாற்ற முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்